பரம்பரை நோயும் உறவு மணமும்: தொடுப்பிழைய நோய்களின் வரலாறு தரும் விடை

கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் சந்திக்கும் கொடிகாமம் தென்மராட்சியின் சந்தையூர். யாழ்ப்பாணத்துப் பிற ஊர்களிற் போலவே இப்பகுதியிலும் மச்சான் மச்சாள் மணம் நெடுங்காலம் வழக்கிலிருந்தது. பரம்பரை நோய் என்றதும் பழி இவ்வழக்கின்மீதே சுமத்தப்படுவதுண்டு. அப்பழி எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைத் தொடுப்பிழைய நோய்களின் வரலாறு தெளிவாக்குகின்றது.

எலும்பு, மூட்டு, தோல், இரத்தக்குழாய் ஆகியவற்றைத் தாங்கிப் பிணைப்பது தொடுப்பிழையம். 1896 இல் பிரெஞ்சு மருத்துவர் மார்பான், கைகால்களும் விரல்களும் மெலிந்து நீண்ட ஐந்து வயதுச் சிறுமியொருத்தியைப் பற்றி எழுதினார். 1901 இல் ஏலர்சும் 1908 இல் டன்லோசும் இழுபடும் தோலையும் தளர்ந்த மூட்டுக்களையும் விவரித்தனர். தனித்தனி விந்தைகளாகத் தோன்றிய இவற்றை, தொடுப்பிழையத்தின் பரம்பரைக் குறைகள் என ஒருங்கு திரட்டி 1956 இல் நூலாக்கியவர் அமெரிக்கரான மக்கூசிக். மார்பான் நோய்க்குக் காரணமான பரம்பரையலகு 1991 இல் இனங்காணப்பட்டது.

இந்நோய் ஆட்சியான முறையிற் கடத்தப்படுவது. பெற்றோருள் ஒருவரிடம் குறையுள்ள அலகு இருப்பினும் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேரும் வாய்ப்பு அரைவாசி. நோயாளருள் ஏறத்தாழக் காற்பங்கினரிடம் அது புதிய விகாரமாகவே தோன்றுகின்றது. எனவே இதற்கு உறவு மணம் காரணமன்று. ஆயின் தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்து சேரவேண்டிய பின்னிடைவான வகைகளும் உள. ஏலர்சு-டன்லோசு நோயின் சில வகைகள் அத்தகையன. அவற்றுக்கு உறவு மணம் இடமளிக்கும். பழி முழுப் பொய்யுமன்று, முழு உண்மையுமன்று.

இவ்வேறுபாட்டை அறிதல் உயிர் காக்கும் செயலாகும். மார்பான் நோயாளர் சராசரியாக 32 வயதில் இறந்தனர் என 1972 இல் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று. பெருநாடி விரிந்து கிழிதலே பெருங்காரணம். பெருநாடியின் அடிப்பகுதியை மாற்றும் பெந்தாலின் சத்திரசிகிச்சை 1968 இல் வெளியிடப்பட்டது. நாடி விரிவைத் தாமதப்படுத்தும் மருந்தின் பயனை 1994 இன் ஆய்வு காட்டிற்று. காலந்தோறும் எக்கோ பரிசோதனை செய்து தக்க சிகிச்சை பெறுவோர் இன்று எழுபது வயதளவும் வாழக்கூடும்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிறீன் மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். ஆதலின் இவற்றை விளக்கத் தமிழிற் சொல்லில்லை என்பதற்கில்லை. தடையாவது, கலியாணப் பேச்சுக் குழம்பும் என்றஞ்சிக் குடும்பத்து நோயை மறைக்கும் வழக்கமே. ஒருவரிடம் நோய் உறுதியானதும் அவர்தம் பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் பரிசோதிக்கப்படல் வேண்டும். மறைக்கப்படும் நோய் அடுத்த தலைமுறையில் எச்சரிக்கையின்றியே வெளிப்படும்.