டிரைபாஸ் தேர்வும் பயிற்சிக் கணக்குகளும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வுக்கு டிரைபாஸ் என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அதில் வாய்வாதத்துக்கே பெரிய இடம் இருந்தது. ஒரு மாணவர் ஒரு கருத்தை நிலைநாட்ட, எதிரே நிற்பவர் அதை லத்தீன் மொழியில் மறுப்பார். முதல் வகுப்பில் தேறியவரை ‘ராங்ளர்’, அதாவது வாதிடுபவர், என்று அழைத்தது அந்தப் பழக்கத்தால்தான். நாளடைவில் வாதம் ஒதுங்கி எழுத்துத் தேர்வு வந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1854-ஆம் ஆண்டுத் தேர்வு எட்டு நாட்கள் நடந்தது. தாள்கள் 16, வினாக்கள் 211, நேரம் மொத்தம் நாற்பத்து நாலரை மணி. வினாவின் முற்பகுதி பாடநூலில் உள்ள தேற்றத்தை நிறுவச் சொல்லும். அதற்கு ‘புக்வொர்க்’ என்று பெயர். அதை ஒட்டி ‘ரைடர்’ என்ற புதுக் கணக்கு ஒன்று வரும். முன்னதற்கு மனப்பாடம் போதும், பின்னதற்குக் கை பழகியிருக்க வேண்டும். தேறியவர்களின் பெயர்கள் மதிப்பெண் வரிசைப்படி வெளியாகும். முதலிடம் பெறுபவர் சீனியர் ராங்ளர். கல்லூரிகள் ஃபெலோ என்ற கல்லூரி உறுப்பினர் பதவியையும் அதற்குரிய ஊதியத்தையும் பெரும்பாலும் இந்த வரிசையைப் பார்த்தே கொடுத்தன. ஓரிரு இடம் பின்தங்கினாலும் ஒருவரின் பிழைப்பே மாறிவிடும்.

தனிப்பயிற்சி ஆசிரியர்கள் பெருகியது இதனால்தான். வில்லியம் ஹாப்கின்ஸ் திருமணமானவர் என்பதால் ஃபெலோ ஆக முடியாமல் இந்தத் தொழிலுக்கு வந்தார். 1849-க்குள் அவரிடம் பயின்ற 17 பேர் சீனியர் ராங்ளர் ஆகியிருந்தனர். அவருடைய மாணவர் எட்வர்ட் ரூத் 1854-இல் முதலிடம் பெற்றார். இரண்டாம் இடம் பெற்றவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். ரூத் பின்னர் தாமே பயிற்சி ஆசிரியராகி, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட சீனியர் ராங்ளர்களை உருவாக்கினார். அவருடைய முறையில் மந்திரம் ஏதுமில்லை. சிறு சிறு குழுக்கள், வாரந்தோறும் கணக்குத் தாள், தம் கைப்பட எழுதி வைத்த மாதிரி விடைகள். மாணவர்கள் அவற்றைப் பார்த்துத் தங்கள் பிழைகளைத் திருத்திக்கொள்வார்கள்.

தேர்வுக் கணக்கு என்றாலே சரக்கற்றது என்று தள்ளிவிடுவது தவறு. அதே 1854-இல், டிரைபாஸுக்குப் பின் சிறந்த மாணவர்களுக்கு நடந்த ஸ்மித் பரிசுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரித்த கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஸ்டோக்ஸ், ஒரு தேற்றத்தை நிறுவும்படி கேட்டார். மாக்ஸ்வெலும் அந்தத் தேர்வை எழுதினார். இன்று கல்லூரிதோறும் ஸ்டோக்ஸ் தேற்றம் என்று படிப்பது அந்தத் தேற்றத்தைத்தான்.

பயிற்சிக் கணக்குகளுக்கென்றே நூல்களும் வந்தன. 1867-இல் வெளியான வுல்ஸ்டன்ஹோமின் கணக்குத் தொகுப்பு அவற்றில் பெயர்பெற்றது. அவ்வளவு பெயர் பெறாத இன்னொரு நூல்தான் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் லண்டனில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். நாற்பது வயதைக் கடந்தபின் கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கினார், அதுவும் இரண்டாம் வகுப்பில். மாணவர்கள் தேர்வுக்கு முன் புரட்டிப் பார்ப்பதற்காக ஆயிரக்கணக்கான முடிவுகளை எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். ‘சினாப்சிஸ்’ என்ற அந்த நூலின் முதல் பகுதி 1880-இலும் இரண்டாம் பகுதி 1886-இலும் நிறைவுற்றன. நிறுவல்கள் பெரும்பாலும் ஒரு வரிக் குறிப்புகள்தான்.

1903 வாக்கில் அந்த நூல் கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த ராமானுஜனின் கைக்குக் கிடைத்தது. எந்தத் தேர்வுக்காக எழுதப்பட்டது என்பது அவருக்குப் பொருட்டில்லை. நிறுவல் இல்லாத ஒவ்வொரு முடிவையும் ஒரு பயிற்சிக் கணக்காகவே எடுத்துக்கொண்டு போட்டுப் பார்த்தார். காகிதத்துக்குப் பணமில்லாததால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். அவருடைய நோட்டுகளிலும் நிறுவல்கள் அரிதாக இருப்பதற்குக் காரின் நடையும் இந்தச் சிலேட்டும் காரணங்கள். கணக்கிலேயே மூழ்கியதால் மற்ற பாடங்களில் தோற்றார். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று, சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் தேறவில்லை.

பிறகு அவரே கணக்குக் கொடுப்பவரானார். 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் 289-ஆம் கேள்வியாக இதைக் கேட்டார்: √(1+2√(1+3√(1+4√(1+…)))) என்பதன் மதிப்பு என்ன? மூன்று இதழ்கள் வந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. வழி எளிது: 3 என்பது √9, அதாவது √(1+2×4). உள்ளே இருக்கும் 4 என்பது √16, அதாவது √(1+3×5). அந்த 5 என்பது √(1+4×6). இப்படியே உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். விடை 3. முடிவில்லாத அடுக்குக்குள் ஒரு சிறிய முழு எண்ணைக் கண்டவருக்கு ரூத்தின் வகுப்பும் நேரக் கணக்கும் தேவைப்படவில்லை.

கேம்பிரிட்ஜிலோ, வேகத்துக்காகக் கணிதத்தைப் பலியிடுகிறோம் என்ற குரல் ஓங்கியிருந்தது. 1898-இல் நான்காம் ராங்ளராகத் தேறிய கணிதவியலர் ஹார்டி அதை உரக்கச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். கணக்குப் போட்டுப் பழகுவதில் குற்றமில்லை. ஐரோப்பாவில் வளர்ந்துகொண்டிருந்த புதிய கணிதத்தை எட்டிப் பார்க்கவிடாமல் பழைய தந்திரங்களிலேயே இளைஞர்களை வருடக்கணக்கில் அடைத்து வைத்ததுதான் குற்றம். 1909-இல் தரவரிசை கடைசி முறையாக வெளிவந்தது.

ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். 1916-இல் ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் பெற்றார். டிரைபாஸ் தேர்வை அவர் எழுதவே இல்லை.