இல்லமே பட்டறையாகும்போது

"வீட்டிலிருந்தபடியே ஒரு சிறு தொழில் தொடங்கினால் என்ன?" நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் வினா இது. பணி ஓய்வு பெற்ற தந்தை, குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்ட மகள், கணவனை இழந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பொறுப்பைத் தனியே சுமக்கும் தாய் என ஒவ்வொருவரும் வெவ்வேறு நெருக்கடியில் இவ்வினாவை எழுப்புகின்றனர். ஊறுகாய், மசாலாப் பொடி, தையல், தனிப்பயிற்சி, கணினி வேலை எனத் தொழில்களும் பல. கடை வாடகை இல்லை, பேருந்துச் செலவு இல்லை, பிள்ளைகள் கண்முன்னே இருப்பார்கள் என்பார் ஒருவர். வீடு வீடாக இராது என்று மறுப்பார் மற்றொருவர். கடைசியில் பேச்செல்லாம் முதலுக்குப் பணம் எங்கே என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது.

இவ்வினா நமக்குப் புதிதாகத் தோன்றலாம். வரலாற்றுக்கு இது புதியதன்று. நமக்கு முன்னர் எண்ணற்ற குடும்பங்கள் இதற்கு விடை தேடியிருக்கின்றன. சில வாழ்ந்தன, சில நலிந்தன. அவை பெற்ற பட்டறிவைச் சற்றே நின்று நோக்குவது, இன்று முடிவெடுக்க வேண்டிய நமக்குப் பயன் தரும்.

வீடும் வேலையும் பிரிந்த கதை

மனித வரலாற்றின் மிகப் பெரும் பகுதியில் வீடும் பட்டறையும் ஒன்றாகவே இருந்தன. குயவர் வீட்டு முற்றத்தில் சக்கரம் சுழன்றது. நெசவாளர் வீட்டுக் கூடத்தில் தறிக்குழி இருந்தது. தறியில் அமர்பவர் ஒருவரே ஆயினும், நூல் இழைப்பதும் தார் சுற்றுவதும் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவதும் குடும்பம் முழுவதற்கும் உரிய வேலைகளாயின. இத்தகைய இல்லத்தில் 'வேலைக்குப் போதல்' என்ற சொல்லுக்கே பொருளில்லை.

ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே. வணிகர்கள் கம்பளியையும் பஞ்சையும் குடிசைதோறும் கொடுத்து, அவற்றை நூலாகவும் துணியாகவும் திரும்பப் பெற்றனர். 1769-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரிச்சர்டு ஆர்க்ரைட் தம் நூற்பு எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1771-இல் குரோம்போர்டு என்னும் ஊரில் நீரின் விசையால் இயங்கும் ஆலையை நிறுவத் தொடங்கினார். அவ்வெந்திரம் குடிசைக்குள் அடங்கக் கூடியதன்று. அதுவரை மனிதரைத் தேடி வீட்டுக்கு வந்த வேலை, இப்போது மனிதரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டது. இல்லம் ஓய்வுக்கு, ஆலை உழைப்புக்கு என்று நாம் இயல்பாகக் கருதும் பாகுபாடு, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு வயதே உடையது.

ஆலைகள் பெருகிய பின்னரும் வீட்டில் தறியோட்டியவர்கள் இருந்தனர். பிரஷ்ய நாட்டுச் சைலீசியாப் பகுதியின் நெசவாளர்கள் அத்தகையோர். அவர்களுக்கு மேற்பார்வையாளர் இல்லை. ஆலைச் சங்கொலி இல்லை. தத்தம் வீட்டிலேயே நெய்தனர். எனினும் நூலைத் தருபவரும் துணியை வாங்குபவரும் ஒரே வணிகராயிருந்தார். எந்திரத் துணியின் போட்டி மிக மிக, அவர் கூலியைக் குறைத்துக்கொண்டே போனார். குறைந்த கூலியை ஈடுகட்ட நெசவாளர்கள் கூடுதலாக நெய்தனர். கூடுதலாக நெய்ததால் துணி குவிந்து, கூலி இன்னும் சரிந்தது. 1844-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பசி கலகமாக வெடித்தது. படையினர் சுட்டதில் 11 பேர் மாண்டனர். தம் வீட்டில் தம் விருப்பப்படி வேலை செய்வதாகத் தோன்றிய அம்மக்களின் கையில், தாம் நெய்த துணியின் விலை மட்டும் இருக்கவில்லை.

'ஓய்வு நேரம்' என்னும் சொல்

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒரு வரலாறு உண்டு. ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நரசாபுரம் வட்டாரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டு மிஷனரிகள் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தனர். நம் தென்கோடியிலும் இதே பணி நடைபெற்றது. நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் தொடங்கி வைத்த லேஸ் வேலையை, 1844-இல் கால்டுவெல்லை மணந்த அவர்தம் மகள் எலைசா இடையன்குடிக்குக் கொண்டு சென்றார். ஏழைப் பெண்ணின் கையில் நாலு காசு சேரவேண்டும் என்ற நல்லெண்ணமே இப்பணிகளின் ஊற்றுக்கண்.

நரசாபுரத்தில் அந்தக் கைவேலை நாளடைவில் பெரும் ஏற்றுமதி வணிகமாக வளர்ந்தது. ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அம்மையார் அங்குச் சென்று ஆராய்ந்து, 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது இது. தரகர் நூற்கண்டைக் கொண்டுவந்து கொடுப்பார். பின்னிய துண்டை வாங்கிச் செல்வார். ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள். அவற்றை இணைப்பவள் வேறொருத்தி. முழு விரிப்பு எவ்வாறு இருக்கும், எந்த நாட்டில் எவர் மேசையை அழகு செய்யும் என்பது பின்னியவளுக்குத் தெரியாது. வீட்டுவேலை அனைத்தையும் முடித்து, அதற்கு மேல் நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணிநேரம் அவள் பின்னினாள். கிடைத்த கூலியோ, அரசு வகுத்த குறைந்த அளவுக் கூலிக்கும் வெகுவாகத் தாழ்ந்திருந்தது.

இது எவ்வாறு நிகழ்ந்தது? 'இவர்கள் இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்' என்று ஏற்றுமதியாளர் கூறினர். குடும்பத்து ஆடவர் அவ்வாறே எண்ணினர். அப்பெண்களும் தங்களைத் தொழிலாளர் என்று எண்ணிக்கொள்ளவில்லை. எட்டு மணிநேர உழைப்பு ஆலையில் நடந்தால் அது வேலை. அடுப்பங்கரைக்கும் திண்ணைக்கும் இடையே நடந்தால் அது பொழுதுபோக்கு! ஒரு சொல் ஒரு தலைமுறையின் கூலியைத் தின்றுவிட்டது.

மொட்டைமாடியில் ஓர் அப்பளம்

இனி, வேறு வழியில் சென்ற ஒரு முயற்சியைக் காண்போம். 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், அன்றைய பம்பாயின் கிர்காம் பகுதியில், ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில் ஏழு பெண்கள் கூடினர். ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அவர்களுள் ஒருவர். பெரும்படிப்பு இல்லை, அப்பளம் இடத் தெரியும். சகன்லால் கரம்சி பாரேக் என்னும் சமூகத் தொண்டரிடம் 80 ரூபாய் கடன் பெற்று, உளுந்தமாவும் பெருங்காயமும் வாங்கி, அன்று நான்கு பொட்டலம் அப்பளம் இட்டனர். நட்டமே வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் தொடக்கத்திலேயே செய்துகொண்ட முடிவு.

மழைக்காலம் வந்தபோது அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் வேலை நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினர். உயர்ந்த ரகம், மலிவு ரகம் என இரண்டு செய்ய முற்பட்டபோது, ஒரே தரமே போதும் என்றும், கணக்கை ஒழுங்காக எழுதவேண்டும் என்றும் பாரேக் அறிவுறுத்தினார். முதலாண்டு விற்பனை 6,196 ரூபாய்.

மூன்றாம் ஆண்டில் உறுப்பினர் முந்நூறைத் தாண்டினர். மாடியில் இடமில்லை. நாம் இன்று கேட்கும் அதே கேள்வி அன்று அவர்கள்முன் நின்றது: வேலையை வீட்டுக்குக் கொண்டு செல்வதா? அவர்கள் கண்ட விடை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. தொழில் முழுவதையும் அவர்கள் வீட்டுக்குக் கொண்டு செல்லவில்லை. மாவு பிசைவது பொது இடத்தில். பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அப்பளம் இட்டு உலர்த்துவது அவரவர் பொறுப்பு. அவற்றை நிறுத்துப் பார்ப்பதும் பொட்டலம் கட்டுவதும் விற்பதும் மீண்டும் பொது இடத்தில். அப்பளம் இட இயலாதவர்க்கு மாவு பிசைதல், பொட்டலம் கட்டுதல் போன்ற பணிகள் இருந்தன. தொடக்கத்தில் சிறுமியரும் சேர்ந்தனர். பின்னர் பதினெட்டு வயது நிரம்பியவரே சேரலாம் என வரையறுத்தனர். வீட்டுத் தொழில் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை விழுங்கிவிடாதிருக்க இவ்விதி எத்துணை இன்றியமையாதது!

1962-இல் 'லிஜ்ஜத்' என்ற பெயர் சூட்டப்பட்டது. 1966-இல் அமைப்பு சங்கமாகப் பதிவாயிற்று. ஒவ்வொரு பெண்ணும் அதில் பங்குடையவள். இலாபமும் நட்டமும் அனைவர்க்கும் பொது. ஏழு பேரில் தொடங்கியது நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் அமைப்பாக வளர்ந்தது. 2021-இல் ஜஸ்வந்திபென்னுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அப்பளம் இடுவது எளிய வேலையன்று. தோளும் முதுகும் நோகும். நரசாபுரத்துப் பெண்ணுக்கும் கை நொந்தது. ஆயினும் நூல் என்ன விலை, துணி எங்கே போகிறது என்று அவளால் கேட்க இயலவில்லை. பம்பாய்ப் பெண்ணோ மாவின் விலையையும் அப்பளத்தின் விலையையும் அறிந்தவள். கணக்கைக் கேட்கும் உரிமை உடையவள்.

சட்டம் வீட்டு வாசலுக்கு வந்தது

வீட்டில் உழைப்பவரும் தொழிலாளரே என்பதைச் சட்டம் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. நம் நெல்லைச் சீமையில் திண்ணைதோறும் பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவதை நாம் அறிவோம். இலையும் தூளும் நிறுத்துக் கொடுக்கப்படும். சுற்றிய பீடி எண்ணி வாங்கப்படும். சரியில்லை என்று கழிக்கப்படும் கட்டுகளுக்குக் கூலியில்லை. 1966-இல் நாடாளுமன்றம் இயற்றிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளர் என ஏற்றது. 1972-இல் அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் தொடங்கிய 'சேவா' அமைப்பு, தையல், ஊதுவத்தி போன்ற வீட்டுத் தொழில்களில் ஈடுபட்டோரையும் ஒன்றிணைத்தது. இத்தகைய முயற்சிகளின் பயனாக, 1996-இல் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழில் அமைப்பு வீட்டுவேலைக்கான 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. மற்றவர்க்காகத் தம் வீட்டில் உழைப்பவர், ஏனைய தொழிலாளர்க்கு ஒப்பாக நடத்தப்படவேண்டும் என்பது அதன் சாரம். அதனை ஏற்ற நாடுகள் மிகச் சில. இந்தியா அவற்றுள் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

2020-இல் பெருந்தொற்று உலகை முடக்கியபோது, படித்தவர் வீடுகளிலும் உணவு மேசையே அலுவலகமாயிற்று. எப்போது வேலை தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று தெரியாத தவிப்பை அன்று பலர் முதன்முறையாக உணர்ந்தனர். நெசவாளரும் பீடி சுற்றுவோரும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த தவிப்பு அது.

ஆகவே, வீட்டில் தொழில் தொடங்க எண்ணும் குடும்பம் முதலீட்டைப் பற்றிப் பேசும் முன், வரலாறு நீட்டும் சில வினாக்களுக்கு விடை காணவேண்டும். மூலப்பொருளைத் தருபவரும் விளைபொருளை வாங்குபவரும் ஒருவரே எனில், விலையை யார் முடிவு செய்வார்? இது தொழிலா, 'ஓய்வு நேர' வேலையா? தொழில் எனில், உழைப்பவரின் மணிக்கணக்கு எங்கே எழுதப்படுகிறது? அவர் தொழிலில் அமரும் நேரத்தில் சமையலையும் முதியோரையும் யார் கவனிப்பார்? பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை புத்தகத்தை எடுக்குமா, பொட்டலம் ஒட்டுமா? தொழிலின் எந்தப் பகுதி வீட்டுக்குள் வரலாம், எது வெளியிலேயே இருக்கவேண்டும்? தனித்து நிற்கப் போகிறோமா, அண்டை வீட்டாரோடு சேர்ந்து நிற்க இயலுமா?

இவற்றுக்கு எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. வீட்டுத் தொழிலால் தலைநிமிர்ந்த குடும்பங்களை நாம் அறிவோம். வீட்டையும் தொழிலையும் ஒருங்கே இழந்தோரையும் அறிவோம். ஆயினும் ஒன்று செய்யலாம். இயந்திரம் வாங்கும் முன்னர், கடனுக்குக் கையெழுத்திடும் முன்னர், ஒரு மாலை குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்வோம். அந்தத் தொழிலின் பெரும் சுமை எவர் தோளில் விழப் போகிறதோ, அவரை முதலில் பேசச் சொல்வோம். மற்றவர்கள் பொறுமையோடு கேட்போம். பல வீடுகளில் அவர் ஒரு பெண்ணாகவே இருப்பார். அவர் சொல்வதை ஒரு குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைப்போம். வரவு செலவுக் கணக்கை அடுத்த பக்கத்திலிருந்து தொடங்கலாம்.