அழுத்தக் குழுக்களும் மிளகு இறக்குமதியும்

அழுத்தக் குழுக்கள் என்பவை, ஆட்சிப் பீடத்தில் தாம் அமர விரும்பாமல், அமர்ந்திருப்போரின் தீர்மானங்களைத் தம் தொழிலுக்கு அனுகூலமாகத் திருப்ப முயலும் சங்கங்களாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரசிடம் மனுச்செய்யும் உரிமையை அரசியலமைப்பின் முதல் திருத்தமே உறுதி செய்ய, பிறர்பொருட்டு ஊதியம் பெற்று அரசை அணுகுவோர் அதைப் பதிவு செய்தாக வேண்டுமென்று 1995-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. இந்தியாவில் அத்தகைய பதிவேடு இல்லை. ஆதலால் எக்குழு எவ்வளவு செல்வாக்குடையது என்பதை அறிவிக்கைகளைப் படித்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. பொதுமக்களுக்கு இது பெருங்குறை.

இதற்கு மிளகு வணிகத்தையே எடுத்துக்கொள்வோம். கொச்சியைச் சார்ந்த மட்டாஞ்சேரியில், 1957 முதல் மிளகு முன்பேர வணிகத்தை நடத்திய சங்கம் அமைந்த யூதர் தெருவில், சாக்கில் குத்தூசியைச் செலுத்தி எடுத்த மணிகளை லிட்டர் அளவையில் நிரப்பித் தலைதட்டி, எத்தனை கிராம் நிற்கிறதென்று பார்த்தே விலை பேசுவார்கள். 2017-இல் அவ்விலை சரிந்தபோது, வியட்நாம் மிளகு இலங்கைச் சரக்கென்ற பெயரில் வரிச்சலுகை பெற்று நுழைவதாகக் குடகு, வயநாடு, இடுக்கி விவசாயிகளின் சங்கங்கள் முறையிட்டன. கொச்சியின் பாலாரிவட்டத்திலுள்ள நறுமணப்பொருள் வாரியத்தையும் தில்லி வணிக அமைச்சகத்தையும் அவை விடாது அணுகியதன் பயனாக, கிலோவுக்கு 500 ரூபாய் என்னும் குறைந்தபட்ச இறக்குமதி விலை அவ்வாண்டு டிசம்பரில் விதிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் அதற்குக் கீழ்ப்பட்ட சரக்கின் இறக்குமதியே தடை செய்யப்பட்டது. நாலைந்து கொடிகளைப் பலா மரத்தில் படரவிட்டு வாழும் குடியானவனின் குரல் தலைநகரை எட்டியது மகிழ்ச்சிக்குரியதே.

ஆனால் மிளகிலிருந்து எண்ணெயும் பிசினும் கலந்த சாரத்தைப் பிரித்து ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கோ, காரம் மிகுந்த இலங்கை மிளகு இன்றியமையாத மூலப்பொருள். அவ்வாலைகளின் உரிமையாளர்களும் அதே அமைச்சகத்தின் படியேறினார்கள். அதன்பின், முழு ஏற்றுமதி அலகுகளுக்கும் சிறப்புப் பொருளாதார மண்டல ஆலைகளுக்கும் விலை நிபந்தனையிலிருந்து விலக்களிக்கப்பட்டது. உள்நாட்டுக் கடைக்குப் போகும் மூட்டை துறைமுகத்தில் நின்றது; அதே விலையில் வந்து சார ஆலைக்குப் போகும் மூட்டை இறங்கியது.