பரத்பூர் நீர்நிலமும் வெண்பெருங்கொக்கும்

வட இந்தியாவின் இராசத்தான் மாநிலத்துக் கீழெல்லையில் அமைந்த பரத்பூர் நகருக்கு அண்மையில், கேவலாதேவ் என்னும் சிவன்கோயிலை அடுத்துக் கல்வெட்டுகள் சில காணப்படுகின்றன. அவை மன்னர் கொடையையோ கோயிற் றிருப்பணியையோ கூறுவனவல்ல. இன்ன நாளில் இன்ன பிரபு வந்தார், இத்தனை துப்பாக்கிகள் முழங்கின, இத்தனை பறவைகள் வீழ்ந்தன என்பதே அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ள செய்தியாகும். அவற்றுள் மிகப்பெரிய எண்ணிக்கை 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாளுக்குரியது. அன்று வைசிராய் லின்லித்கோ பிரபுவின் குழுவினர் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். பிற்காலத்தில் இதே நீர்நிலத்தைக் காக்க முன்னின்ற பறவையியலாளர் சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பிறந்தவர். அக்கொலைநாள் அவருடைய நாற்பத்திரண்டாவது பிறந்தநாள் என்பது தற்செயலான ஒற்றுமையேயாயினும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வேட்டைக்களம் சரணாலயமாக மாறியது என்னும் இவ்வரலாறு பெரும்பாலும் மனமாற்றத்தின் கதையாகவே சொல்லப்படுகின்றது. அது முழு உண்மையன்று. பரத்பூரின் நீர்நிலம் எவ்வாறு உண்டாயிற்று, யார் கையால் நிலைபெற்றது என்பதை முதலில் நோக்கினாலன்றி, பின்னர் நிகழ்ந்த தவறுகளும் இழப்பும் விளங்கமாட்டா.

அவ்விடம் இயல்பாகவே தாழ்ந்து கிடந்த ஒரு பள்ளம். கம்பீர், பாணகங்கை ஆகிய இரு ஆறுகளின் மழைக்கால வெள்ளம் அப்பக்கமாகப் பரவும். 18ஆம் நூற்றாண்டில் ஜாட் மன்னர் சூரஜ்மால் காலத்தில் அஜான் அணைக்கட்டு எழுப்பப்பட்டது. 1890களில், மோர்வி அரசகுடும்பத்தைச் சேர்ந்தவரும் பரத்பூரின் நிர்வாகத்தை நடத்தியவருமான ஹர்பாம்ஜி என்பவர், இங்கிலாந்தில் நடைபெறும் வாத்து வேட்டையைப் போன்றதொன்றை இங்கும் ஏற்படுத்த விரும்பினார். அஜான் அணையிலிருந்து வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. பள்ளம் சிறு சிறு வரம்புகளாற் பிரிக்கப்பட்டு மதகுகள் அமைக்கப்பட்டன. நீரை வேண்டிய மட்டத்தில் நிறுத்தவும் வேண்டாதபோது வடிக்கவும் இயன்றது. 1902இல் கர்சன் பிரபுவின் வருகையோடு பெருவேட்டைகள் தொடங்கின.

ஆகவே ஏறத்தாழ 29 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்நிலம் மனிதர் கைபடாத கானகமன்று. வயலும் குளமும் எவ்வாறு மனித உழைப்பால் நிலைபெறுகின்றனவோ அவ்வாறே அதுவும் நிலைபெற்றது. ஆண்டுதோறும் அஜான் அணையின் மதகு திறக்கப்பட வேண்டும். அந்நீரோடு மீன்குஞ்சுகள் வந்துசேர வேண்டும். நீருள் நிற்கும் கருவேல மரங்களிற் கூடுகட்டும் சங்குவளை நாரையும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் தம் குஞ்சுகளுக்கு இரைதேடுவது அப்போதுதான் இயலும். நீர் வற்றிவரும் வேனிலிற் சுற்றுப்புறக் கிராமங்களின் எருமைகள் இறங்கி மேயும். புல்லும் நீர்ப்பூண்டும் அளவோடு நிற்கும். துப்பாக்கி ஏந்திய விருந்தினர் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்திருப்பர் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் வேட்டையின் பொருட்டே நீர் காக்கப்பட்டது என்பதை மறுத்தலும் இயலாது.

இந்தியா விடுதலை பெற்றபின் அந்நிலத்திற்கு வேறொரு வகையில் ஆபத்து வந்தது. வேட்டைக்குரிய ஏரி மன்னராட்சியின் எச்சமெனக் கருதப்பட்டது. அதனை வடித்து வயலாக்கினால் உழவருக்குப் பயன்படும் என்ற கோரிக்கை எழுந்தது. நிலமற்றோரின் பக்கம் நின்று நோக்குமிடத்து இக்கோரிக்கையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சார்ந்த சாலிம் அலி போன்றோரின் முயற்சியால் ஏரி தப்பியது. 1956இல் அது பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனினும் பழைய அரச குடும்பத்தினரின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. பெயரளவிற் சரணாலயமாகவும் நடைமுறையில் வேட்டைக்களமாகவும் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் ஒரே இடம் விளங்கியமை, சட்டத்திற்கும் வழக்கத்திற்கும் இடையிலான தொலைவைக் காட்டுகின்றது.

இக்காலப் பகுதியிலேயே பறவைகளைச் சுட்டு எண்ணும் முறைக்கு மாறாக, பிடித்து அடையாளமிட்டு விடும் முறை அங்கு வேரூன்றியது. 1957இற் கருநாடகப் பகுதியிற் கியாசனூர்க் காட்டுக்காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, வலசைப் பறவைகள் நோய்க்கிருமியைக் கொண்டுவருகின்றனவோ என்ற ஐயம் எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பம்பாய்க் கழகம் 1959 முதல் பறவைகளின் காலில் வளையமிடும் பணியை மேற்கொண்டது. பறவைகளை உயிரோடும் ஊனமின்றியும் பிடிக்கவல்லார் யாவர் என்ற வினாவுக்குப் பல்கலைக்கழகங்களில் விடை கிடைக்கவில்லை. பீகாரின் மீர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவை பிடிப்போரே அதற்கு வேண்டப்பட்டனர். சந்தைக்காகப் பறவை பிடித்த அவர்களின் கண்ணியும் வலையும் ஆய்வுக்கருவிகளாயின. பரத்பூரில் வளையமிடப்பட்ட வாத்துகள் பின்னர் சோவியத் ஒன்றியத்தின் தொலைநிலங்களிற் கிடைத்தபோது, அச்சிறு ஏரி ஒரு கண்டத்தின் பாதையில் அமைந்த தங்குமிடம் என்பது தெளிவாயிற்று. மத்திய ஆசிய வலசைப்பாதை எனப்படும் அப்பாதையின் தென்கோடியிலேயே மன்னாரும் யாழ்ப்பாணக் கடனீரேரிகளும் அமைந்துள்ளன. அங்கு மாரிக்கு வரும் ஊசிவால் வாத்துகள் அவ்வழியைச் சார்ந்தனவே.

பரத்பூருக்கு உலகப் புகழை ஈட்டித்தந்த பறவை வாத்தன்று. சைபீரியாவிலிருந்து வந்த வெண்பெருங்கொக்கு. நம்மவர் கொக்கு எனவும் நாரை எனவும் வழங்கும் பறவைகள் வேறு குலத்தன. இப்பெருங்கொக்குகளின் குலம் இலங்கையர் கண்ணுக்குப் பழக்கமில்லாதது. ஆள்மார்பளவு உயரம், தூய வெண்மையான உடல், முகத்திற் சிவந்த வெறுந்தோல், சிறகை விரித்தாலன்றித் தெரியாத கரிய இறகுநுனி. ஆழமற்ற நீரில் நின்று சேற்றைக் கிளறிக் கோரைக்கிழங்கு தின்பது அதன் வழக்கம். இரண்டு முட்டையிட்டாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சே தேறும். அக்குஞ்சையும் உடனழைத்துக்கொண்டு, வட சைபீரியாவின் ஓப் ஆற்றுப் படுகையிலிருந்து கசாக்கஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஆகிய நாடுகளைக் கடந்து, 5,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைப் பறந்து பரத்பூரை அடையும். செல்லும் வழியைக் குஞ்சு பிறவியிலேயே முற்றாக அறிவதில்லை. பெற்றோருடன் பறந்தே கற்றுக்கொள்கின்றது. இவ்வொரு செய்தியை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். இனிவரும் நிகழ்ச்சிகளுக்கு அதுவே திறவுகோல்.

1964-65 மாரியிற் பரத்பூரில் ஏறத்தாழ 200 வெண்பெருங்கொக்குகள் இருந்தன. 1980களின் நடுப்பகுதியில் அத்தொகை சுமார் நாற்பதாயிற்று. இந்த வீழ்ச்சிக்கு நடுவிலேதான் சரணாலயத்துக்கான பாதுகாப்பு மிகக் கடுமையாக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. சுற்றிலும் கல்மதில் எழுப்பப்பட்டது. 1981இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அது சேர்க்கப்பட்டது. 1982இற் தேசியப் பூங்காவாயிற்று. 1985இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டங்கள் பெருகப் பெருகப் பறவை குறைந்தது.

தேசியப் பூங்கா என்றால் மேய்ச்சல் கூடாதென்பது சட்டம். 1982 நவம்பரில் எருமைகளும் ஏனைய கால்நடைகளும் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கு மேய்த்துவந்த கிராமத்தவருக்கு மாற்றுவழி எதுவும் முறையாகச் செய்துகொடுக்கப்படவில்லை. அவர்கள் எதிர்த்தெழுந்தபோது பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். கிராமத்தவர் சிலர் உயிரிழந்தனர். பறவைகளை நோக்கித் துப்பாக்கிகள் ஓய்ந்து பத்தாண்டுகளே கழிந்திருந்த இடத்தில் இது நிகழ்ந்தது.

மேய்ச்சலைத் தடுக்கவேண்டுமெனக் கூறியோருள் சாலிம் அலியும் ஒருவர். அவர் நோக்கத்தில் ஐயமில்லை. எருமைகள் நீர்நிலத்தைக் கெடுக்கின்றன என்பதே அக்காலப் பறவையியலாளர் பலரின் கருத்து. ஆனால் அவருடைய கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களே 1980களிற் பல ஆண்டுகள் தொடர்ந்து நடத்திய ஆய்வு அதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. எருமை நீங்கியபின் ஒருவகை நீர்ப்புல் தடையின்றிப் படர்ந்து திறந்த நீரை மூடியது; வாத்துகள் இறங்க இடம் குறைந்தது; மீனும் குறைந்தது; கோரைக்கிழங்கைத் தேடும் கொக்குக்கும் அடர்ந்த புல் இடையூறாயிற்று. எருமை அந்நிலத்தின் பகையன்று, அதன் உறுப்பு என்பதே ஆய்வின் சாரம். தம் கருத்தை மறுக்கும் முடிவை ஒரு கழகம் தானே ஆராய்ந்து வெளியிட்டமை பாராட்டத்தக்கது. ஆனால் சட்டம் மாறவில்லை. எருமை செய்த வேலையைக் கிராமத்தவர் அனுமதிபெற்றுக் கையால் அரிந்து சுமக்கும் நிலை ஏற்பட்டது.

வெண்பெருங்கொக்கின் அழிவுக்கு இப்புல் ஒன்றே காரணமெனச் சிலர் எழுதியுள்ளனர். அது பொருந்தாது. மேய்ச்சல் நிறுத்தப்படுமுன்பே தொகை வெகுவாகச் சரிந்துவிட்டது. காரணத்தைப் பெருமளவில் மதிலுக்கு அப்பாலேயே தேடவேண்டும். பாகிஸ்தானின் வடமேற்கு மலைப்பள்ளத்தாக்குகளிற் பெருங்கொக்கு வேட்டை ஒரு பழைய ஆண்மை விளையாட்டு. பழக்கிய கொக்குகளைக் கொண்டு கூட்டத்தைக் கீழிறங்கச் செய்து, முனையில் எடைகட்டிய கயிற்றை மேலெறிந்து உயிரோடு பிடிப்பர். வேட்டைக்காரர் நாடுவது பெரும்பாலும் வேறினக் கொக்குகளையே. வெள்ளைக்கொக்கு அவற்றோடு சேர்ந்து பறந்ததனால் அகப்பட்டது. அதன் வழியிலிருந்த ஆப்கானிஸ்தானோ 1979 முதல் போர்க்களமாயிற்று. நெடும்பயணத்தின் இடைத்தங்கலான அப்-இ-இஸ்தாதா ஏரி அந்நாட்டிலேயே உள்ளது. இவ்வினக் கூட்டத்தின் இனப்பெருக்க இடம் ஓப் படுகையில் எங்குள்ளது என்பதைச் சோவியத் ஆய்வாளர் உறுதியாகக் கண்டறிந்ததே 1981இற்றான். அதற்குள் கூடுகட்டும் சோடிகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகிவிட்டன.

அமெரிக்காவின் விஸ்கொன்சினில் 1973இல் நிறுவப்பட்ட சர்வதேசக் கொக்கு நிறுவனம் இதன்பின் செய்த முயற்சிகள் துணிச்சலானவை. முட்டைகள் சைபீரியாவிலிருந்து விமானத்திற் கொண்டுசெல்லப்பட்டு வளர்ப்பகங்களிற் பொரிக்கப்பட்டன. 1993இல் வலசைப் பறவைகளுக்கான பொன் சமவாயத்தின் கீழ், கொக்கின் பாதையிலுள்ள நாடுகளிடையே உடன்பாடொன்று ஏற்பட்டது. எல்லைகளாற் பகைகொண்ட அரசுகள் ஒரு பறவைக்காக ஒரே தாளிற் கையொப்பமிட்டன. 1990களின் முற்பகுதியில் வளர்ப்பகத்துக் கொக்குகள் சில பரத்பூரில் விடப்பட்டன. அவை ஏரியில் இரைதேடக் கற்றன. ஆனால் வேனிலில் வடக்கு நோக்கிப் புறப்படவில்லை. வழிகாட்டும் பெற்றோர் அவற்றிற்கில்லை. பாதை என்பது அப்பறவைகளிடையே கைமாறிவந்த கல்வி. அது அறுந்தபின் முட்டையைப் பொரிக்கவைத்து அதனை மீட்க இயலவில்லை.

1992-93 மாரியில் ஐந்து கொக்குகள் வந்தன. அடுத்த இரு மாரிகளில் ஒன்றும் வரவில்லை. 1996இல் நான்கு தோன்றியபோது பறவை நோக்குவோர் பெருமகிழ்வடைந்தனர். 2001-02 மாரியில் ஒரு சோடி வந்து சென்றது. அதன்பின் பரத்பூரில் வெண்பெருங்கொக்கு காணப்படவில்லை. இதன் மேற்குக் கிளைக்கூட்டம் மாரியைக் கழித்த ஈரானின் காசுப்பியக் கரைக்கு, 2007ஆம் ஆண்டின் பின் பல மாரிகள் ஒரேயொரு ஆண்பறவை மட்டும் தனித்து வந்தது. அந்நாட்டார் அதற்கு நம்பிக்கை எனப் பொருள்படும் ஓமித் என்ற பெயரைச் சூட்டினர். கிழக்குக் கூட்டம் மட்டும் சில ஆயிரமாகச் சீனாவின் போயாங் ஏரியில் மாரியைக் கழிக்கின்றது.

கொக்கு நீங்கிய சில ஆண்டுகளுள் நீரும் நீங்கலாயிற்று. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியிற் கட்டப்பட்ட பாஞ்சனா அணை, அஜானுக்கு வரும் வெள்ளத்தைத் தடுத்தது. 2004இல் மழை குறைந்தபோது, பூங்காவுக்கு நீர்விட மேலூர் உழவர் உடன்படவில்லை. அவர்களும் தம் பயிருக்கே நீர் கேட்டனர். எனவே, 1950களில் எழுந்த அதே வினா இடம்மாறி எழுந்தது. இம்முறை அதற்கு விடைசொல்லச் சாலிம் அலி இல்லை. அவர் 1987இற் காலமானார். ஏரி வறண்டு, கூடுகட்டும் நாரைகள் வேறிடம் நாடின. பூங்காவிற் பயணிகளைச் சுமந்து சென்று, பயிற்சி பெற்றுப் பறவைகளின் பெயர்களையும் சொல்லவல்லவரான சைக்கிள் றிக்‌ஷாத் தொழிலாளருக்கு வறண்ட ஏரி என்பது வருவாயற்ற மாரியாகும். பறவை நோக்கலைச் செல்வர் பொழுதுபோக்கென இகழ்வோர் இவர்களை மறந்துவிடுகின்றனர்.

அதன்பின் கோவர்த்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் குழாய்வழி நீர் கொணர ஏற்பாடுகள் செய்யப்பட்டன. நீர் கிடைத்த ஆண்டுகளிற் சங்குவளை நாரைகள் மீண்டும் கருவேல மரங்களிற் கூடுகட்டின. கேவலாதேவ் கோயிலருகே கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. பறவை பார்க்க வருவோர் றிக்‌ஷாவை நிறுத்தி, அவற்றிலுள்ள எண்களைப் படித்துச் செல்கின்றனர்.