மூன்றடிக் குழியில் பிழைத்த மரம்

தீக்குச்சி கிழிக்கிறோமே, அந்தக் குச்சிக்காக வடக்கே ஒரு மரத்தை வயலிலேயே வளர்த்தார்கள். பாப்ளர் என்று பேர். அமெரிக்க இனம்; 1950-களில் இங்கே ஊன்றிப் பார்த்தார்கள். உத்தரப் பிரதேசத்துத் தராய், பஞ்சாப், அரியானா வயல்களில் பெருகியது 1980-களில்தான். 1984-ல் விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி, நபார்டு கடன் ஏற்பாட்டோடு விவசாயிகளை நட வைத்தது.

நடவில்தான் சங்கதி இருக்குதுங்க. மரவள்ளிக் கரணை மாதிரி ஒரு சாண் துண்டை நாற்றங்காலில் ஊன்றினால், ஒரே வருஷத்தில் பத்துப் பதினைந்து அடி வளரும். தை, மாசியில் இலை கொட்டி நிற்கும்போது வேரோடு தோண்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, மூன்றடி ஆழக் குழியில் இறக்குவார்கள். இத்தனை ஆழம் எதுக்கு? மேல்மண் காய்ந்தாலும் அடியில் ஈரம் நிற்கும், காற்றுக்கும் சாயாது. உயரமான கன்று, மாட்டுக்கு நுனி எட்டாது, களையும் மூடாது. தோண்டிய கன்றை வெயிலில் போட்டு வைத்தால் போச்சு. கறையானும் விடாது. செத்த இடத்தில் மறுவருஷம் நட்டது பக்கத்து மர நிழலில் எழும்பாது. வெட்டுகிறவரை, ஆறேழு வருஷம், அந்த இடம் நஷ்டம்தான்.

குளிர்காலத்தில் இலை இல்லாததால் அடியில் கோதுமையும் விளைந்தது. நம்ம பக்கத்து வெயிலுக்கு இந்த மரம் ஒத்து வராதுங்க. கன்று கேட்டு எழுத வேண்டாம்.