அரண்மனைச் சிறுவர்களின் பள்ளிக்கூடம் - உகாண்டா 1886

ஒரு மதம் ஒரு நாட்டுக்குள் எப்படி நுழைகிறது? பாதிரியார்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள், கோயில் கட்டினார்கள், மக்கள் சேர்ந்தார்கள் என்றுதான் பொதுவாகப் படித்திருப்போம். ஆனால் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் நடந்தது கொஞ்சம் வேறு. அங்கே பெரும்பகுதி வேலையைச் செய்தவர்கள் சிறுவர்கள்!

இன்றைய உகாண்டாவின் தென்பகுதியில், விக்டோரியா ஏரிக்கரையில் இருந்தது புகாண்டா அரசு. அதன் அரசருக்குக் 'கபாகா' என்று பெயர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தலைவர்கள் தங்கள் மகன்களை அரண்மனைக்கு ஏவல் வேலைக்கு அனுப்பி வைப்பார்கள். அரசனின் கண்ணில் பட்டால் பிற்காலத்தில் நல்ல பதவி கிடைக்கும் என்பதுதான் காரணம். இப்படி நூற்றுக்கணக்கான பையன்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி வளர்ந்தார்கள். ஒருவன் கற்றது மற்றவனுக்குத் தெரிய ஒரு நாள் போதும்.

வாசிப்பவர்கள்

1878-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் மக்கே என்ற ஆங்கிலிக்க மிஷனரி புகாண்டா வந்து சேர்ந்தார். இவர் ஒரு பொறியாளர். சிறிய அச்சு இயந்திரம் ஒன்றை வைத்து, லுகாண்டா மொழியில் வாசிப்புத் தாள்களை அச்சடித்துக் கொடுத்தார். 1879-இல் பிரெஞ்சு கத்தோலிக்கக் குருக்களும் வந்தார்கள். இரு தரப்பாரிடமும் கற்க முதலில் ஓடியவர்கள் அரண்மனைப் பையன்களே. அந்நாளில் கிறிஸ்தவர்களுக்கு அங்கே வழங்கிய பெயர் 'அபாசோமி'. அதற்கு 'வாசிப்பவர்கள்' என்று பொருள். எழுத்தும் விசுவாசமும் அவர்களுக்கு ஒன்றாகவே வந்தன.

1882-இல் கத்தோலிக்கக் குருக்கள் பாதுகாப்புக் கருதி நாட்டை விட்டு வெளியேறினார்கள். திரும்பி வந்தது 1885-இல்தான். இடைப்பட்ட காலத்தில் எல்லாம் அணைந்து போயிருக்கும் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? ஆனால் போகும்போது இருந்ததை விடக் கூடுதலான பேர் காத்திருந்தார்கள். கற்றவர்கள் கல்லாதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குருக்களோ ஞானஸ்நானம் கொடுக்க அவசரப்படவில்லை. நான்கு ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்பது அவர்கள் சபையின் விதி. எனவே ஞானஸ்நானம் பெறாமலே நண்பர்களுக்குக் கற்பித்த பையன்களும் இருந்தனர்.

முவாங்காவின் அச்சம்

1884-இல் கபாகா முதலாம் முட்டேசா இறந்தார். மகன் இரண்டாம் முவாங்கா அரியணை ஏறினார். அவருக்கும் அப்போது இருபது வயது ஆகவில்லை. கிழக்குக் கரையில் ஜெர்மானியர்கள் இடம் பிடிக்கும் செய்தி அவருக்கு வந்துகொண்டிருந்தது. இந்த வெள்ளைக்காரர்களின் போதனைக்குப் பின்னால் படை வருமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. 1894-இல் புகாண்டா பிரிட்டிஷ் பாதுகாப்பு நாடாகிப் போனது.

இன்னொரு பக்கம், கபாகாவின் சொல்லுக்கு மேல் சொல் இல்லை என்றிருந்த அரண்மனையில், தங்களுக்கு அவரை விடப் பெரிய அரசர் ஒருவர் உண்டு என்று பையன்கள் சொல்லத் தொடங்கினார்கள். அவருடைய பாலியல் இச்சைக்கும் இணங்க மறுத்தார்கள். 1885 ஜனவரியில் மக்கேயின் மாணவர்கள் மூவர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் ஆங்கிலிக்க ஆயர் ஹானிங்டன் கொல்லப்பட்டார். அது தவறு என்று கண்டித்த அரண்மனை அதிகாரி ஜோசப் முக்காசா நவம்பர் 15 அன்று தலை வெட்டப்பட்டார். பையன்களைக் கவனிக்கும் பொறுப்பு சார்லஸ் லுவாங்காவிடம் வந்தது. அவரே அந்த மாதத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றவர்.

ஒரு பாடம், ஓர் ஈட்டி

1886 மே 25. வேட்டைக்குப் போயிருந்த முவாங்கா எரிச்சலோடு திரும்பினார். ஏவலுக்கு ஆள் இல்லை. முதலமைச்சரின் மகன் முவாஃபுவைக் கேட்டபோது உண்மை வெளிவந்தது. டெனிஸ் செபுக்வாவோ என்ற பதினாறு வயதுப் பையன் அவனுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தான். முவாங்கா ஈட்டியை எடுத்து டெனிஸைக் குத்தினார். மறுநாள் அவன் உயிர் போக்கப்பட்டது. நண்பனுக்குப் பாடம் சொன்னது ஒன்றே அவன் செய்த குற்றம்.

அன்றிரவு நடக்கப் போவது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஞானஸ்நானம் பெறாமல் இருந்த பையன்களுக்கு லுவாங்கா இரகசியமாக அதைக் கொடுத்தார். அவர்களில் ஒருவன் கிசித்தோ. வயது சுமார் பதினான்கு. மறுநாள் "ஜெபம் செய்கிறவர்கள் தனியே நில்லுங்கள்" என்று ஆணை வந்தபோது அவர்கள் தனியே போய் நின்றார்கள்.

கைகள் கட்டப்பட்டு நமுகோங்கோவுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியிலேயே சிலர் கொல்லப்பட்டனர். விறகு சேர்க்க ஒரு வாரம் ஆனது. தலைமைக் கொலையாளியின் வளர்ப்பு மகன் எம்பாகாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். விட்டுவிடு என்று குடும்பம் கெஞ்சியும் அவன் கேட்கவில்லை. ஜூன் 3 அன்று கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் ஒரே இடத்தில் எரிக்கப்பட்டார்கள். கடைசி நேரத்தில் விடுவிக்கப்பட்ட சிலர் சொன்ன சாட்சியால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

பிறகு

1885-87 காலத்தில் கொல்லப்பட்டவர்களில் பெயர் தெரிந்தவர்கள் கத்தோலிக்கர் 22 பேர், ஆங்கிலிக்கர் 23 பேர். கத்தோலிக்கர் 22 பேரும் 1964-இல் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். ஜூன் 3 இன்று உகாண்டாவில் தேசிய விடுமுறை. முவாங்காவோ பின்னாளில் பிரிட்டிஷாரை எதிர்த்துத் தோற்று, செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று 1903-இல் அங்கேயே இறந்தார்!

ஆனால் வரலாறு அத்தனை இனிமையாக முடியவில்லை. 1892-இல் அதே புகாண்டாவில் கத்தோலிக்கக் கட்சியும் புராட்டஸ்டன்ட் கட்சியும் பதவிக்காகவும் நிலத்துக்காகவும் துப்பாக்கி ஏந்தி மோதிக்கொண்டன. நமுகோங்கோவில் இரு சபைப் பிள்ளைகளும் சேர்ந்து எரிந்து ஆறு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. பையன்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்த காலத்தில் அவர்களிடம் பங்கு போட நிலமும் இல்லை, பதவியும் இல்லை. சில வாசிப்புத் தாள்களும், பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஒரு நண்பனும்தான் இருந்தார்கள்.