முகூர்த்தம் இல்லாத தேதிகள்

ஹோட்டல் மேனேஜ்மென்ட், எம்பிஏ முடித்துவிட்டு வரும் பிள்ளைகளில் சிலர் இப்போது 'மீட்டிங் சோர்சிங்' என்ற வேலைக்குப் போகிறார்கள். ஒரு கம்பெனி, முந்நூறு டீலர்களைக் கூப்பிட்டு இரண்டு நாள் கூட்டம் போட நினைக்கும். ஹால், அறைகள், சாப்பாடு, மைக், வண்டி எல்லாவற்றுக்கும் நாலு ஹோட்டலில் ரேட் வாங்கி, ஒப்பிட்டு, பேரம் பேசி, ஒப்பந்தம் போட்டுக் கொடுப்பது இவர்கள் வேலை. ஐடி கம்பெனிகளோடு வந்து இறங்கிய தொழில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெயர் வேண்டுமானால் புதுசு. வேலை இந்த ஊரில் நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. அதன் வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெரியும்: இங்கே விற்பதும் வாங்குவதும் ஹாலை அல்ல, தேதியை.

1887 டிசம்பர் கடைசி வாரத்தில் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு சென்னையில், ஆயிரம் விளக்குப் பக்கம் மக்கேஸ் கார்டன்ஸில் நடந்தது. தலைவர் பத்ருதீன் தயாப்ஜி. வந்த பிரதிநிதிகள் 607 பேர். பந்தல், சாப்பாடு, தங்குமிடம் என எல்லாவற்றுக்கும் பணம் வேண்டுமே? ஒரு அணாவிலிருந்து ஒன்றரை ரூபாய் வரை கொடுத்த 8,000 பேரிடமிருந்து மட்டும் 5,500 ரூபாய் திரண்டது. ஸ்பான்சர் என்ற வார்த்தை புழக்கத்துக்கு வராத காலத்து ஸ்பான்சர்கள் அவர்கள்.

ஏன் டிசம்பர் கடைசி வாரம்? வந்தவர்களில் வக்கீல்கள், ஆசிரியர்கள், உத்தியோகஸ்தர்கள் ஏராளம். கிறிஸ்துமஸுக்குக் கோர்ட்டும் கல்லூரியும் ஆபீஸும் மூடினால்தான் இவர்களால் ஊரைவிட்டுக் கிளம்ப முடியும். 1882 முதல் அடையாறில் இருக்கும் தியாசபிகல் சொசைட்டியின் ஆண்டு மாநாடும் இதே வாரத்தை ஒட்டித்தான் நடந்துவந்தது. 1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரஸோடு சேர்த்து ஒரு சங்கீத மாநாடு நடத்தினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி.

இது வாங்குகிறவர் பக்கம். விற்கிறவர் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை மார்கழி, கல்யாணம் கிடையாது. சமையல் கான்ட்ராக்டர், பந்தல்காரர், மண்டபம், நாகஸ்வரக்காரர் எல்லோருக்கும் கை காலி. கல்யாண சமையல்காரர்கள் மார்கழியில் சபா கேன்டீன் நடத்துவது இதனால்தான். ரசிகர் அதை ருசி என்பார். கான்ட்ராக்டருக்கு அது சும்மா இருக்க வேண்டிய மாதத்தில் ஆட்களுக்குக் கூலி கொடுக்க ஒரு வழி. ஆங்கில நாட்காட்டியின் விடுமுறையும் பஞ்சாங்கத்தின் வெற்றிடமும் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. டிசம்பர் சீசன் அந்த இடத்தில்தான் வேர் பிடித்தது.

இந்தக் கணக்கை நடத்தியவர் சபா செயலாளர். மயிலாப்பூரில் 1929இல் வந்த ரசிக ரஞ்சனி சபா, தி.நகரில் 1953இல் வந்த கிருஷ்ண கான சபா என்று எதை எடுத்தாலும், பின்னால் தேதி டைரியோடு ஒரு மனிதர் இருப்பார். கிருஷ்ண கான சபாவின் யக்ஞராமன் மாதிரி சிலர் பல பத்தாண்டுகள் இதே வேலையாக இருந்தார்கள். எந்த வித்வானுக்கு எந்தத் தேதி, எந்தப் புரவலரிடம் எப்போது போய்க் கேட்கலாம், கடைசி நிமிஷத்தில் ஒருவர் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அவர் மனசில் இருக்கும். பெரும்பாலும் கௌரவப் பதவி. கமிஷன் பேச்சே இல்லை.

சமையல் கான்ட்ராக்டரின் பாடம் வேறு. அவருக்குக் கணக்கு இலையில். ஐந்நூறு இலை என்று பேசியிருப்பார்கள், அறுநூற்றைம்பது பேர் வந்து உட்காருவார்கள். பந்தியில் இல்லை என்று சொல்ல முடியுமா? அதற்கும் சேர்த்து அரிசி போட்டிருப்பார். ஹோட்டலில் இது தலைகீழ். முந்நூறு பிளேட்டுக்கு கேரண்டி கொடுத்துவிட்டு நூற்றெண்பது பேர் வந்தாலும் முந்நூறுக்கும் பில் வரும். அதே எண்ணிக்கைப் பிரச்சினைதான். நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதில்தான் வித்தியாசம். சோர்சிங் வேலையில் பாதி, இந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் ஒழுங்காக எழுதுவது.

1974இல் நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல் வந்தது. 1975இல் கதீட்ரல் ரோட்டில் ஐடிசியின் முதல் ஹோட்டலான சோழா வந்தது. 2001இல் நந்தம்பாக்கம் டிரேட் சென்டர். அப்படியும் கம்பெனிகள் சபாக்களை விடவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று வந்தால் மியூசிக் அகாடமி, நாரத கான சபா என்றுதான் பல நோட்டீஸ்களில் விலாசம் இருக்கும். 2013 கம்பெனிச் சட்டப்படி, நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள், வேலை நேரத்தில், பதிவு அலுவலகம் இருக்கும் அதே ஊருக்குள் கூட்டம் நடக்க வேண்டும். சென்னைக் கம்பெனி மாமல்லபுரம் ரிசார்ட்டுக்கு ஓட முடியாது. மார்ச்சில் கணக்கு முடிப்பவர்களுக்கு செப்டம்பர் 30 கெடு. அதற்குள் ஆடி மாதம் வந்துபோகும். அப்போதும் முகூர்த்தம் இல்லை, பகலில் கச்சேரியும் இல்லை. ஹாலுக்கு வாடகை, பங்குதாரருக்குக் காபி, டிபன் பொட்டலம். 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்த செயலகத் தரநிலை கூட்டத்தில் பரிசுப்பொருள் கொடுப்பதைத் தடுத்தது. 2020இல் கொரோனா வந்தபோது வீடியோவிலேயே கூட்டம் நடத்த அரசு அனுமதித்தது. சபா ஹாலுக்கு வர வேண்டிய பகல் வாடகையில் அதோடு பெரிய ஓட்டை விழுந்தது.

தேதியின் பலத்துக்கு ஒரு பெரிய உதாரணம் 2022 செஸ் ஒலிம்பியாட். உக்ரைன் போரால் ரஷ்யாவின் கையைவிட்டுப் போன போட்டி, மார்ச்சில் சென்னைக்கு வந்தது. நாலு மாதம்தான் அவகாசம். 180க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அறை, வண்டி, சாப்பாடு. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை முழுக்க ஆடி. ஆடியைப் பார்த்து யாரும் தேதி குறிக்கவில்லை. ஆனால் இதே போட்டி ஆவணி முகூர்த்தங்களில் விழுந்திருந்தால், அறைகளுக்காகக் கல்யாண வீட்டுக்காரர்களோடும் போட்டி போட வேண்டியிருந்திருக்கும்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவருக்கு இந்த வரலாறு என்ன சொல்லும்? மூன்று காலண்டர் மனப்பாடமாக இருக்கணும்: பஞ்சாங்கம், விடுமுறைப் பட்டியல், சட்டத்தின் கெடு தேதிகள். வைகாசி முகூர்த்த நாளில் பேரம் பேசினால் சிரிப்பார்கள். மார்கழியில் அதே ஹோட்டல்காரர் காபி வரவழைத்து உட்கார வைப்பார். ஆனால் மார்கழியில் மயிலாப்பூர் சபா ஹாலைக் கேட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, கமிஷன். சபா செயலாளருக்கு இல்லாத சிக்கல் இது. பல ஏஜென்சிகளுக்குப் பணம் தருவது ஹோட்டல், வேலை கொடுப்பது கம்பெனி. இரண்டு பக்கமும் கை நீட்டுகிறவர் யாருக்காகப் பேரம் பேசுகிறார் என்ற கேள்வி வரும். அதற்கு முதல் நாளே, எழுத்தில் பதில் சொல்லிவிடுவது நல்லது. ஹால் பெரிசாகும், ஹோட்டல் கை மாறும். 'அவர் சொன்னா அந்தத் தேதி நிச்சயம்' என்ற பேர் இருந்ததால்தான் சபா செயலாளர்களால் அத்தனை வருஷம் ஓட்ட முடிந்தது.